70 கிலோ மாவு போதுமா, 200 கிலோவுக்குப் போகலாமா?

உறையூர் செல்வி:
வணக்கம். திருச்சி உறையூரில் எட்டு வருடமாக இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், இரண்டு டில்டிங் கிரைண்டர், நானும் வீட்டுக்காரரும், உதவிக்கு ஓர் அக்கா. தினமும் 70 கிலோ போகிறது, சனிக்கிழமை 100 தொடும். கிலோ 50 ரூபாய். இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தினமும் 200 கிலோ கேட்கிறார்கள். கிலோவுக்கு 38 தருவார்களாம். நான்கு நாள் புளித்துப் பொங்காமல் இருக்க வேண்டும், விற்காதது திரும்பி வரும், பணம் 60 நாள் கழித்து. வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். தம்பி விட்டுவிடாதே என்கிறான். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

கோவை லேத்:
அக்கா, எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிரைண்டரே எங்கள் ஊரிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும், அந்த உரிமையில் சொல்கிறேன். பாக்கெட் மாவு விற்கிற ஐடி ஃப்ரெஷ் நிறுவனம் 2005இல் பெங்களூருவில் இதே மாவை வைத்துச் சின்ன இடத்தில்தான் தொடங்கியது. எட்டு வருடம் 70 கிலோவிலேயே நிற்கிறீர்கள் என்றால் அரிசி விலை ஏற ஏற நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வாசலுக்கு வந்த வாய்ப்பைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

அம்மாமண்டபம்:
ஐடி ஃப்ரெஷ்ஷுக்கு வெளியார் முதலீடு வந்தது. இந்த அக்காவுக்கு யார் போடப்போகிறார்கள்? நான் இந்த மாதிரிக் கடையில்தான் மாவு வாங்குகிறேன். என் மாமியாருக்குப் புளிப்பு ஆகாது. கடைக்காரம்மா மதியம் ஆட்டியதில் ஒரு கிலோ தனியாக எடுத்து வைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் தோசைக்கு வந்தால் முந்தின நாள் மாவு. கேட்காமலே தெரியும் அவருக்கு. தினமும் 200 கிலோ பாக்கெட் போட்டால் அதற்கெல்லாம் நேரம் ஏது?

கோவை லேத்:
அது நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் மனசு வாடகை கட்டாது. நான் பத்து வருடம் ஒரே லேத்தில் ஒற்றை ஆளாக வேலை பார்த்தேன். பட்டறைக்கு வருகிறவர் எல்லோரும் என் கைக்காகத்தான் வந்தார்கள். கை உடைந்து மூன்று மாதம் உட்கார்ந்தபோது ஒருவரும் வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கும் வேலை நடக்க வேண்டுமே. அக்காவுக்கு நாளைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் உளுந்து யார் பதம் பார்ப்பது?

கணக்கு மேசை:
உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ இட்லி அரிசி 48, கால் கிலோ உளுந்து 32, ஆக 80 ரூபாய்க்குச் சுமார் மூன்று கிலோ மாவு. கரண்ட், கவர் சேர்த்தால் கிலோ 31 ரூபாய் அடக்கம். கடையில் 50க்கு விற்றால் 19 நிற்கிறது. அங்கே 38க்குக் கொடுத்தால் 7தான். 200 கிலோவில் 20 கிலோ திரும்பினால் கைக்கு வருவது 6,840, செலவு 6,200, மீதி 640. புது ஆளுக்கு 500 சம்பளம் போக 140 ரூபாய். குளிர்சாதனப் பெட்டி, வண்டி எதையும் நான் சேர்க்கவில்லை. 60 நாளில் வெளியே நிற்கிற தொகை நான்கு லட்சத்துக்கு மேல். அரிசிக் கடைக்காரர் அதுவரை பொறுப்பாரா?

இன்னொன்று. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் உங்கள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியும் இருக்கிறது: கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. 60 நாள் என்ற பேச்சே எடுபடாது.

கோவை லேத்:
சார், 140 ரூபாய் கணக்கு என்னையும் யோசிக்க வைக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டினால் அடுத்த வாரமே வேறு மாவுக்காரரிடம் போய்விடுவார்கள். அதை அக்கா தெரிந்துதான் பேச வேண்டும்.

உறையூர் செல்வி:
எல்லோருக்கும் நன்றி. கணக்கு அண்ணே, கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே டப்பாவில் இருந்ததால் கிலோவுக்கு எவ்வளவு நிற்கிறது என்று எனக்கே தெரியாது. இன்றைக்குத்தான் தனி நோட்டு போட்டேன்.

நான்கு நாள் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் ஆட்டுவேன், இல்லையென்றால் கல் சூட்டிலேயே மாவு சூடாகிவிடும். கொஞ்சம் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அப்போதுதான் நிறுத்துவேன். அப்படி ஆட்டியும் வெளியில் வைத்தால் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. நான்கு நாள் தாங்க வேண்டுமென்றால் ஆட்டிய கையோடு குளிரில் வைத்து, கடை அலமாரி வரை குளிரிலேயே கொண்டுபோக வேண்டும். அந்த வசதி என்னிடம் இல்லை. பாதி வழியில் கவர் உப்பி வெடித்தால் என் பெயரில் அல்லவா வெடிக்கும்?

நேற்று அவர்களுக்குப் போன் செய்தேன். 40 கிலோ தருகிறேன், கிலோ 42, இரண்டு நாளுக்குள் விற்க வேண்டிய மாவு, வாரம் தவறாமல் பணம், ரிட்டர்ன் கிடையாது என்றேன். திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.

அம்மாமண்டபம்:
ஒத்துக்கொள்ளாவிட்டால் வருத்தப்படாதீர்கள் அக்கா. காலையில் தூக்குவாளியோடு வந்து நிற்கிறவர்கள் எங்கும் போகமாட்டார்கள்.

கோவை லேத்:
போவார்கள், கடை மூடியிருந்தால். அதை மட்டும் நான் விடமாட்டேன். 40 கிலோவோ 70 கிலோவோ, பதம் அந்த உதவிக்கு இருக்கிற அக்காவுக்கும் தெரிய வேண்டும்.

உறையூர் செல்வி:
லேத் தம்பி சொன்னது உறுத்தியது. ஊற வைக்கிற அளவையும் தண்ணீர்க் கணக்கையும் கிரைண்டருக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டேன். வெயிலுக்கு ஒரு அளவு, மார்கழிக்கு ஒரு அளவு. இன்று உளுந்தை அந்த அக்காதான் ஆட்டினார், நான் தள்ளி நின்றேன். முதல் தடவை கிள்ளிப் போட்டது மூழ்கியது. இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும் என்று அவரே சொன்னார். நாளை சனிக்கிழமை, 100 கிலோவுக்கு ஊறப்போட வேண்டும். வருகிறேன்.