பிரிசெஷன்: முந்துகையா, அச்சுலாவா?

அன்பு நண்பர்களே,

பிரிசெஷன் (சுழலும் பொருளின் அச்சே மெதுவாக வட்டமிடுவது) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு, மூன்று நாளாக இங்கே வந்து விழுந்த பரிந்துரைகளில் ‘முந்துகை’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன், ‘கேதெரே’ என்றால் செல்லுதல். எது முன்னே செல்கிறது? சம இராப்பகல் நாள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ், சித்திரை நட்சத்திரத்தின் இடத்தைத் தமக்கு ஏறக்குறைய 150 ஆண்டு முந்தைய அளவீட்டோடு ஒப்பிட்டார், இரண்டும் பொருந்தவில்லை. விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால் சம இராப்பகல் நாள் ஆண்டுதோறும் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. ஆக, ஆங்கிலச் சொல்லில் இருப்பது பஞ்சாங்கக்காரரின் முறையீடு. புவியின் அச்சு என்ன செய்கிறது என்று அது சொல்லவே இல்லை. அதன் முன்னொட்டைப் பெயர்த்து நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அச்சு செய்வதைப் பம்பரத்தில் பார்க்கலாம். சாட்டையை இழுத்து விட்டதும் பம்பரம் ஆணியில் நட்டுக்குத்தாக நின்று ‘தூங்கும்’. வேகம் குறையும்போது தலை சாயும். ஆனால் உடனே விழாது. சாய்ந்த தலை மெதுவாக ஒரு வட்டம் போடும். சுழல்வது வேறு, இந்த வட்டம் வேறு. இதற்குத்தான் பெயர் வேண்டும்.

‘தலையாட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் அதைச் செலவழித்துவிட வேண்டாம். புவியச்சு அந்தப் பெரிய வட்டத்தில் போகும்போதே 18.6 ஆண்டுக்கு ஒருமுறை இலேசாகத் தலையசைக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் நியூட்டேஷன். தலையசைத்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. தலையாட்டத்தை அதற்கு வைத்துக்கொள்வோம். ‘தலைச்சுற்று’ என்ற பரிந்துரையைப் படித்துச் சிரித்தேன், மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள்.

‘அயன சலனம்’ ஏற்கெனவே இருக்கிறதே என்றார் பெரியவர் ஒருவர். சோதிடத்தில் ஊன்றிய சொல்தான். சம இராப்பகல் மார்ச் 20, 21இல் வர, சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14இல் நிற்பதற்கும் அந்தச் சலனம்தான் காரணம். ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ஆனால் 1.5 டெஸ்லா (காந்தப்புல அளவு) எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஹைட்ரஜன் அணுக்கரு நொடிக்கு ஏறக்குறைய 6.4 கோடி முறை இதே வட்டத்தைப் போடுகிறது. புவிக்கு ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டு. இரண்டுக்கும் பொதுவான சொல்லில் அயனம் (சூரியனின் வட, தென் போக்கு) எப்படி நுழையும்?

என் பரிந்துரை: அச்சுலா. அச்சு + உலா. குற்றியலுகரம் கெட்டுப் புணர்கிறது, இலக்கணத்தில் சிக்கல் இல்லை.

இது எனக்குத் தோன்றியது ஒரு பிழையால். பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டுரை ஒன்றில் ‘பிரிசெஷன்’ என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் ‘புரொசெஷன்’ (ஊர்வலம்) என்று திருத்திவிட்டார். அழுத்தம் இரண்டிலும் வேறு: முன்னதில் ‘செ’ ஓங்கும், பின்னதில் முதலசை ஓங்கும். (துல்லியம் என்ற பொருளுள்ள ‘பிரிசிஷன்’ தனி, அதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) எரிச்சலோடு அகராதியைப் புரட்டினால், ஊர்வலத்துக்கும் இதற்கும் வேர் ஒன்றே, அந்தக் ‘கேதெரே’தான்! சாமி நான்கு வீதியும் உலாப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. அச்சும் அதையே செய்கிறது.

‘அச்சுவலம்’ என்றும் யோசித்தேன். புவிக்குப் பொருந்தும், வடக்கிலிருந்து பார்த்தால் அதன் அச்சு வலமாகவே வருகிறது. ஆனால் இடமாகச் சுழலும் பம்பரத்தின் தலை இடமாகவே சுற்றும். உலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. வினையாகவும் வரும்: ‘அச்சு உலாவுகிறது.’

அன்புடன்

---

மறுமொழி:

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ‘அச்சு’ என்றதும் அச்சகம் நினைவுக்கு வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் புதனின் சுற்றுப்பாதைக்கும் பிரிசெஷன் என்கிறார்களே? நியூட்டன் விதிப்படி போட்ட கணக்குக்கு மேல் நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை பாகையில் 3,600இல் ஒரு பங்கு) மிச்சம் நின்று, ஐன்ஸ்டைன் 1915இல் தீர்த்துவைத்த கணக்கு. அங்கே புதன் தன் அச்சில் சாய்ந்து ஆடவில்லை, நீள்வட்டமே அல்லவா திரும்புகிறது?

---

என் பதில்: நீள்வட்டத்துக்கு நெட்டச்சு (நீளவாக்கில் செல்லும் அச்சு) உண்டல்லவா? திரும்புவது அதுதான். அங்கே ‘நெட்டச்சுலா’ என்று எழுதிப் பாருங்கள். நாக்கு இடறினால் சொல்லுங்கள், வேறு தேடுவோம்.