பழைய ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா?

வாசுகி_தஞ்சை:
காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் மூன்று பாத்திரங்களைப் பேரம் பேசி வாங்கி வந்திருக்கிறேன். துருவேறிய வார்ப்பிரும்புத் தோசைக்கல், உள்பூச்சு தேய்ந்த பித்தளை அடுக்கு, விளிம்பு நசுங்கிய ஈயச் சொம்பு. சொம்பு மட்டும் புதியதன் விலையில் கால்வாசிக்குக் கிடைத்தது. கல்லைப் பழக்கி, அடுக்குக்கு ஈயம் பூசி, சொம்பில் ரசம் வைக்க எண்ணம். "காயலான் கடையைச் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டாய்" என்கிறார் வீட்டுக்காரர். ஆதரவு தேடித்தான் இங்கே எழுதுகிறேன்.

உலைக்களம்:
என்னிடம் ஆதரவு கிடைக்காது, அக்கா. கல்லை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் கொலுவுக்கு ஆகும்.

ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் (tin) செய்யவேண்டியது. அது எடைக்குப் போட்டாலே நல்ல விலை போகும் உலோகம். நச்சு உலோகமான காரீயம் (lead) அதில் பத்தில் ஒரு பங்கு விலைகூடப் பெறாது. கடைக்காரர் இவ்வளவு மலிவாகக் கொடுத்தார் என்றால் அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. ரசமோ புளியும் தக்காளியும். புளிப்பு பட்டால் உலோகம் கரையும்.

கடைத்தெரு:
மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. தம்பி சொல்வதைக் கேட்டால் நம் பாட்டிமார் எல்லாரும் நஞ்சு உண்டே வளர்ந்தார்கள் என்று ஆகிவிடும்.

அடுக்கைத் தாராளமாகப் பூசலாம். பாத்திரத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, கரி அடுப்பில் துருத்தி ஊதிச் சூடேற்றி, நவச்சாரத்தை (அம்மோனியம் குளோரைடு உப்பு) உள்ளே தூவுவார்கள். வெண்புகை எழும் அந்த நொடியில் ஈயத் துண்டை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் சுழற்றித் துடைத்தால் பித்தளை முழுதும் வெள்ளிபோல் மாறிவிடும். கைத்தேர்ச்சி உள்ளவர் பூசினால் விரலால் தடவினாலும் திட்டு தெரியாது. பூச்சு இல்லாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால்தான் களிம்பு ஏறும்.

உலைக்களம்:
அந்த ஈயத் துண்டு எந்த ஈயம் என்பதுதான் என் கேள்வி, ஐயா. தூய வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். அதில் 37 சதவீதம் காரீயம் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். பூசுகிறவருக்குக் கரியும் மிச்சம், காசும் மிச்சம், வேலையும் சுலபம். பளபளப்பில் வேறுபாடு தெரியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, ஹிண்டாலிய (ஒருவகை அலுமினியக் கலவை) பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் கலக்கலாம் என்று எச்சரித்ததே, அதையும் பாட்டிமார் கணக்கில் எழுதிவிடுவோமா?

கடைத்தெரு:
அது கடையில் விற்கும் புதுப் பாத்திரங்களைப் பற்றிய எச்சரிக்கை. பழையதை விட்டுப் புதியதற்குப் போ என்பவர்தான் அதற்குப் பதில் சொல்லவேண்டும்.

நல்லெண்ணெய்:
நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள், நான் தோசைக்கல்லைப் பார்க்கிறேன். முதலில் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் மயிரிழை விரிசல் இருக்கலாம். துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து, இரும்பு நாரால் தேயுங்கள். அதற்குமேல் ஊறினால் நல்ல இரும்பையும் அரிக்கும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கிவிடுங்கள்.

பிறகு எண்ணெய். எல்லாரும் தவறு செய்யும் இடம் இதுதான்: ஊற்றிவிடுகிறார்கள். தடவிய எண்ணெயை, தடவவே இல்லை என்று தோன்றும்வரை துணியால் துடைத்தெடுத்து, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். அப்படி மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகினால்தான் தோசை ஒட்டாது. கெட்டியாகப் பூசினால் பிசுபிசுவென்று பசைதான் மிஞ்சும்.

உலைக்களம்:
நல்ல விளக்கம். ஒன்று சேர்க்கிறேன்: கடற்கரை ஊர்ப் பழைய இரும்புச் சட்டி என்றால், வலைக்கு ஈயக் குண்டு வார்க்க யாராவது பயன்படுத்தினார்களா என்று விசாரியுங்கள். காரைக்குடிக் கல்லுக்கு அந்த ஐயம் குறைவு.

சொம்புக்கு ஒரு சோதனை சொல்கிறேன், அக்கா. சமையல் தராசில் எடை பாருங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து அளவைச் சுழியாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, உள்ளே காற்று நிற்காமல், அடியைத் தொடாமல் முழுக அமிழ்த்துங்கள். எடையை அந்தப் புதிய எண்ணால் வகுங்கள். உலோகம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது தெரிந்துவிடும். தூய வெள்ளீயம் என்றால் 7.3 வரும். காரீயம் 11.3.

வாசுகி_தஞ்சை:
இப்போதுதான் செய்தேன். எடை 486 கிராம். அமிழ்த்தியபோது 60. வகுத்தால் 8.1.

உலைக்களம்:
ஏறத்தாழ கால் பங்கு காரீயம். தராசு ஒரு கிராம் முன்பின் காட்டினாலும் முடிவு மாறாது.

கடைத்தெரு:
அவசரப்படாதே தம்பி. செம்பும் கனமான உலோகம்தான். கடினத்துக்காகக் கொஞ்சம் செம்பு சேர்த்திருக்கலாம்.

உலைக்களம்:
கொஞ்சம் சேர்த்தால் போதாது, ஐயா. செம்பால் மட்டும் 8.1 வரவேண்டுமானால் மிக அதிகமாகச் சேர்க்கவேண்டும். அந்தக் கலவை கண்ணாடிபோல் உடையும். அக்காவின் சொம்பு விளிம்பு நசுங்கியிருக்கிறது, உடையவில்லை.

கடைத்தெரு:
சரி, சொம்பை விட்டுவிடலாம். அதை விற்றவரை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் சொம்பு செய்த குற்றத்துக்கு அடுக்கைத் தண்டிக்காதே. வாசுகி அம்மா, பூசுகிறவர் வைத்திருக்கும் ஈயத்தை நம்பாமல் நீங்களே வாங்கிக்கொண்டு போய், பக்கத்திலேயே நின்று பூசச் சொல்லுங்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களிலும் விவரமானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பூசியபின் அந்த அடுக்கை வெறுமனே அடுப்பில் ஏற்றாதீர்கள், இரும்புக் கரண்டியும் போடாதீர்கள். பித்தளை மஞ்சள் எட்டிப் பார்த்ததும் மறுபடி பூசவேண்டும்.

வாசுகி_தஞ்சை:
ஈயத்தை எங்கே வாங்குவது? எங்கள் தெரு மின்சாதனக் கடையில் சுருளாக விற்கிறார்களே, அது ஆகுமா?

உலைக்களம்:
ஆகவே ஆகாது! அது பற்றாசுக் கம்பி, மின்கம்பிகளை ஒட்டவைக்கும் சால்டர். பெரும்பாலும் நான் மேலே சொன்ன காரீயக் கலவையேதான். சோதனை அறிக்கையோடு விற்கும் உலோக வியாபாரியிடம் 99.9 சதவீத வெள்ளீயக் கட்டி என்று கேட்டு வாங்குங்கள். பூசிமுடித்தாலும் அந்த அடுக்கில் பால் காய்ச்சுங்கள், பொங்கல் வையுங்கள். புளி மட்டும் வேண்டாம்.

கடைத்தெரு:
புளியும் வைக்கலாம். பூச்சு நல்லதாக இருந்தால்.