உரம் போட்டால் நைட்ரேட் ரீடிங் இறங்குகிறது, உதவி தேவை

ஈரமண்: அவசரம். பாலிஇமைடு பிளாஸ்டிக் தாளில் லேசரால் எழுதிய கிராபீன் (மின்சாரம் கடத்தும் கார்பன்) மேல் நைட்ரேட் மெம்பிரேன், அதாவது நைட்ரேட்டுக்கு மின்னழுத்தம் காட்டும் மெல்லிய படலம், பூசி சென்சார் செய்திருக்கிறேன். பீக்கரில் அருமையாக வேலை செய்கிறது. தொட்டி மண்ணில் உரம் போட்டதும் நைட்ரேட் ஏறாமல் இறங்குகிறது. மூன்று சென்சாரிலும் இதே கதை. எங்கே தப்பு?

களிமண்: அருமை என்றால் எவ்வளவு? பத்து மடங்கு செறிவுக்கு எத்தனை மில்லிவோல்ட்? மண்ணில் ஈரம் எவ்வளவு? என்ன உரம்?

மில்லிவோல்ட்: மெம்பிரேனுக்கும் கிராபீனுக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் சேர்ந்திருக்கும். எனக்கு அதுதான் ஆனது.

களிமண்: அப்படியென்றால் ரீடிங் மெதுவாக நகரும். இவருக்கு உரம் போட்டதும் விழுகிறதே.

பழையவேர்: அடிப்படை தெரியாமல் கிராபீனில் இறங்கினால் இப்படித்தான். நைட்ரேட் மெம்பிரேனில் குளோரைடு குறுக்கிடும், அது முதல் பாடம் தம்பி.

களிமண்: ஐயா, குளோரைடு குறுக்கிட்டால் நைட்ரேட் கூடுதலாகத்தானே காட்டும்?

விதைப்பை: எதற்கு இவ்வளவு பாடு? நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றுக்கும் எண் காட்டும் மூன்று முள் என்பிகே சென்சார் வாங்கிக் குத்துங்கள்.

களிமண்: அந்த வகையில் பெரும்பாலானவை அளப்பது மின்கடத்துதிறனை. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள், மூன்று எண்ணும் ஏறும்.

விதைப்பை: என் மண்ணில் ஆய்வக முடிவோடு ஒத்துப்போனதே!

களிமண்: ஒரே மண், ஒரே ஈரம், ஒரே உரம் என்றால் ஒத்துப்போகும். மண் சூடானாலே கடத்துதிறன் டிகிரிக்கு ஏறக்குறைய 2% கூடும். அதையும் சத்து என்று எண்ணிவிடுவோம்.

ஈரமண்: மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். பத்து மடங்குக்கு −56 மில்லிவோல்ட். ஈரம் அளக்கவில்லை. உரம் கொஞ்சம் பொட்டாசியம் நைட்ரேட், நிறைய மூரியேட் ஆப் பொட்டாஷ். ரெபரன்ஸ், அதாவது சென்சாரை ஒப்பிட்டு அளக்கும் நிலையான மின்முனை, பீக்கரில் கடையில் வாங்கியது. மண்ணில் அதற்குப் பதில் குளோரைடு ஏற்றிய வெறும் வெள்ளிக் கம்பி.

பழையவேர்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். −56 நல்ல அளவு, 25 டிகிரியில் கோட்பாட்டு எல்லையே 59தான். மெம்பிரேனைத் தொடாதே, தப்பு கம்பியில். மூரியேட் என்பது பொட்டாசியம் குளோரைடு. மண்ணில் குளோரைடு பத்து மடங்கானால் வெறும் கம்பியின் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் இறங்கும். நீ பார்ப்பது சென்சாருக்கும் கம்பிக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசம். குளோரைடு நைட்ரேட்டைவிட அதிக மடங்கு ஏறினால் நைட்ரேட் குறைந்ததாகத்தான் தெரியும். கம்பியைப் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய சின்னக் குழாயில் வை. அதை அகர் ஜெல்லில் பொட்டாசியம் சல்பேட் கலந்த வெளிக்குழாய்க்குள் இறக்கு. மண்ணைத் தொடுவது வெளிக்குழாய் மட்டும்தான். களிமண் சொன்னது சரி, நான் மெம்பிரேனைச் சந்தேகப்பட்டது தப்பு.

மில்லிவோல்ட்: மண் காய்ந்தால் தொடர்பு விட்டுப்போகும், ஈரத்தையும் கூடவே அளக்கவும்.

ஈரமண்: இரட்டைக் குழாய் செய்து போட்டேன். மூரியேட் மட்டும் ஊற்றினால் ரீடிங் கிட்டத்தட்ட அசையவில்லை, பொட்டாசியம் நைட்ரேட் ஊற்றினால் ஏறுகிறது. நன்றி ஐயா, நன்றி களிமண்.