ஓர்கிட் விதைக்குப் பங்கசு வேண்டும் என்கிறார்கள், எது?

ஹட்டன் மாணவி:
அம்மா கொய்யாக் கட்டையில் கட்டி வளர்க்கும் டென்ட்ரோபியம் ஓர்கிட்டில் நானே மகரந்தம் வைத்தேன், காய் பிடித்து முற்றி இப்போது வெடித்துவிட்டது. உள்ளே பவுடர் மாதிரி விதை. ஏ.எல். உயிரியல் செயற்றிட்டத்துக்காக உருளைக்கிழங்கு ஏகார் என்ற ஜெலி ஊடகத்தில் தூவினேன். நாலே நாளில் தட்டு முழுக்கப் பச்சைப் பூஞ்சணம், விதையையே காணவில்லை. ஓர்கிட் விதை பங்கசோடுதான் முளைக்கும் என்று சேர் சொன்னாரே, அப்படியென்றால் இது நல்லதுதானே?

இழையவளர்ப்பு அண்ணா:
இல்லை தங்கச்சி, பச்சையாக வந்தது காற்றில் இருந்து விழுந்தது, அதைத் திறக்காமல் பிரஷர் குக்கரில் போட்டு அவித்துக் கொட்டிவிடுங்கள். ஓர்கிட் விதைக்குள் சேமித்த சாப்பாடு மிகமிகக் குறைவு. டியூலாஸ்னெல்லா, செரட்டோபேசிடியம் போன்ற பங்கசு உள்ளே நுழைந்து கலத்துக்குள் நூல்பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும், முளை அந்தப் பந்தைச் செரித்துத்தான் வளருகிறது. பிரான்ஸில் நோயல் பெர்னார் இதை 1899இல் கண்டுபிடித்தார்.

நீங்கள் பிழைவிட்ட இன்னொரு இடம் சாப்பாடு. உருளைக்கிழங்கு ஏகாரில் இதற்கு அளவுக்கு மீறிய சத்து, அதில் சரியான பங்கசை வைத்தாலும் அது கொழுத்து விதையையே தின்றுவிடும். லீற்றருக்கு 3 கிராம் ஓட்ஸ் தூள், 8 கிராம் ஏகார், அவ்வளவு போதும். பங்கசைப் பட்டினிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

ஹட்டன் மாணவி:
சரி அண்ணா, அந்தப் பங்கசை எங்கே தேடுவது?

இழையவளர்ப்பு அண்ணா:
அம்மாவின் செடியிலேயே பாருங்கள். அந்தரத்தில் தொங்கும் வேரை விட்டுவிட்டு, கட்டையோடு ஒட்டிக்கிடக்கும் வேரில் ஒரு துண்டு எடுங்கள். நன்றாகக் கழுவி, மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்தால் கலங்களுக்குள் மங்கலான மஞ்சள் உருண்டைகள் தெரியும். தெரியாவிட்டால் வேறு வேர் பாருங்கள், எல்லா வேரிலும் இருக்காது. தெரிந்தால் கிருமிநீக்கிய ஊசியால் அவற்றைக் கிளறி எடுத்து, கிருமிநீக்கிய நீரில் நாலைந்து தரம் மாற்றி மாற்றிக் கழுவி ஏகாரில் வையுங்கள். சில நாளில் இழை கிளம்பும்போதே அதன் நுனியை மட்டும் வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள், பிந்தினால் பக்ரீரியா முந்திவிடும்.

அப்புறம் விதையை வடிதாளில் பொட்டலம் கட்டி, ஐதாக்கிய பிளீச்சில் சில நிமிடம் ஊறவைத்து அலசி, ஓட்ஸ் தட்டில் தூவி, நடுவில் மிளகளவு பங்கசுத் துண்டு. இருட்டில் வையுங்கள். பங்கசு வைக்காத தட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் ஒப்பிட முடியாது.

பண்டாரவளை தோட்டக்காரர்:
பிள்ளை, செடிதான் வேண்டுமென்றால் சீனி கலந்த ஊடகத்தில் பங்கசே இல்லாமலும் முளைக்கும், அமெரிக்க ஆய்வாளர் நட்சன் 1922இல் காட்டிய வழி. ஆனால் பங்கசை அறிய வேண்டுமென்றால் தம்பி சொன்னதைச் செய்யுங்கள். ஒன்று மட்டும், வேருக்காகக் காட்டுப் பக்கம் போய் வனராஜா என்ற காட்டு ஓர்கிட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். அது எடுக்க எடுக்க அழிகிற செடி.

ஹட்டன் மாணவி:
காட்டுச் செடியைத் தொடமாட்டேன் ஐயா. கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு வேர் தட்டையாக ஒட்டியிருக்கிறது, அம்மாவிடம் கேட்டுவிட்டு நாளைக்கு அதில் ஒரு அங்குலம் வெட்டுகிறேன். மிச்ச விதையைக் காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொதியோடு போத்தலில் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.