குமுளியில் ‘டேக்’ படுத்தும் பாடு

கம்பத்திலிருந்து:

லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளியில் ஏலக்காயும் மிளகும் விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் தமிழும் மலையாளமும்தான். தேக்கடிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் படியேறினால் மட்டும் இங்கிலீஷ். அதில் ஆளை ரொம்பப் படுத்துவது ‘டேக்’.

ஒரு லண்டன் பெரியவர், தன்னை அழைத்து வந்த ஆட்டோக்காரரைப் பற்றி, ‘ஐ வாஸ் டேக்கன் இன்’ என்றார். உள்ளே கொண்டுவந்து விட்டதைச் சொல்கிறார் போல என்று எங்கள் கடைப் பையன், “வெரி குட் மேன் சார்” என்று பாராட்டிவிட்டான். பெரியவர் முகம் சிவந்துவிட்டது. ஆட்டோக்காரர் தனக்கு நாமம் போட்டுவிட்டார் என்றல்லவா அவர் சொல்ல வந்தார்! தொளதொள சட்டையைப் பிடித்துத் தைப்பதும் ‘டேக் இன்’தான். போக்கிடம் இல்லாதவரை வீட்டில் சேர்த்துக்கொள்வதும், சொன்னதை மனதில் வாங்கிக்கொள்வதும் அதேதான்.

டீக்கடையில் இன்னொரு கூத்து. மலையாளத்தில் ‘சாய எடுக்கட்டே?’ என்றால் டீ கொண்டுவரட்டுமா என்று பொருள். சேட்டன் அதை அப்படியே ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் ‘ஷால் ஐ டேக் டீ?’ என்று கேட்டார். இவர் டீ குடிக்கப் போக அனுமதி கேட்கிறார் என்று அந்த அம்மாள், “ஓ, ப்ளீஸ் டூ” என்றார். டீ தன் முன்னால் வந்ததும் முழித்தார். குடித்துவிட்டுக் காசும் கொடுத்தார், அது வேற விஷயம்.

பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணவைக்கும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. வினைக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்தாலே பாதி புரியும். விமானம் ‘டேக்ஸ் ஆஃப்’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. செருப்பைக் கழற்றுவதென்றால் செருப்பையும் சொல்ல வேண்டும். ‘இட்’ போட்டால் நடுவில்தான் வரும்: ‘டேக் இட் ஆஃப்’. ஆனால் அப்பனை உரித்து வைத்த பிள்ளையைச் சொல்லும் ‘டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்’ பிரியாது, ‘ஹிம்’ கடைசியில்தான்.

புளியரையிலிருந்து:

அண்ணே, அந்தச் சொல் இங்கிலாந்தில் பிறந்ததே இல்லை. வட ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகளோடு வந்த ‘டாகா’தான் அது. அதற்கு முன் எடுப்பதற்கு ‘நிமன்’ என்று ஒரு சொல் இருந்தது, இது வந்து அதைத் துரத்திவிட்டது. கை மரத்துப்போனால் ‘நம்’ என்கிறார்களே, அது நிமன் விட்டுப்போன மிச்சம். உணர்வு எடுக்கப்பட்டுவிட்ட கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த ஆட்டோக்காரர் எவ்வளவு வாங்கினாராம்?

களியக்காவிளையிலிருந்து:

என் மதினி இங்கிலாந்தில் நர்ஸ். போன புதிதில் கூட வேலை பார்த்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்வார். பணி மாறும் நேரத்தில் மூத்த நர்ஸ் அவசரமாக, அந்தப் பாட்டி ‘டேக்கன் எ டர்ன் ஃபார் த வர்ஸ்’ என்றிருக்கிறார். நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தம். இந்தப் பிள்ளை காதில் ‘டர்ன்’ மட்டும் விழுந்திருக்கிறது. படுக்கைப்புண் வராமலிருக்கப் புரட்டிப் படுக்கவைப்பது தினசரி வேலைதானே, அதைத்தான் சொல்கிறார் என்று தலையணையும் கையுமாகப் போயிருக்கிறது. நல்லவேளை, பாட்டி மூச்சு விடுவதைப் பார்த்ததுமே டாக்டரைக் கூப்பிட்டுவிட்டது. அதற்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.