நொறுக்குப் பயிற்சியா, ஒருமூச்சுழைப்பா?

அன்பிற்குரிய சொல்லாக்கக் குழும நண்பர்களுக்கு,

அன்றாட வேலைகளின் நடுவே ஓரிரு நிமிடங்கள் மூச்சு வாங்கும்படி உடலை இயக்குவதைக் குறிக்க ‘நொறுக்குப் பயிற்சி’ என்ற சொல் சென்ற மடலில் முன்மொழியப்பட்டது. நொறுக்குத் தீனியைக் கைவிடுங்கள் என்று நடுவயதினருக்கு அறிவுறுத்தும் அதே துண்டுப்பிரசுரத்தில், நொறுக்குப் பயிற்சியைக் கைக்கொள்ளுங்கள் என்றும் எழுத நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அதைவிட என்னை உறுத்துவது ‘பயிற்சி’ என்ற பகுதிதான். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் ஸ்டமட்டாகிஸ் குழுவினர் 2022 டிசம்பரில் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வதில்லை என்று கூறிய 25,241 பிரித்தானியர் மணிக்கட்டில் அணிந்திருந்த, உடலசைவை அளக்கும் கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று முறை, முறைக்கு ஓரிரு நிமிடங்கள் கடுமையாக இயங்கியவர்களிடையே, அவ்வாறு சற்றும் இயங்காதவர்களைவிட, இதய, குருதிக்குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. இது அவதானிப்பு ஆய்வே. காரணத்தை நிறுவியதாகக் கொள்ளலாகாது. ஆயினும் அம்மனிதர்கள் செய்தது பயிற்சி அன்று, வேலை. அதைப் பயிற்சி என்று பெயரிட்டால், தமக்கு அது உரியதன்று என்று ஒதுங்குகிறவர்களை நாமே மேலும் ஒதுக்கிவிடுவோம்.

சென்ற கிழமை கொழும்பின் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து இரு கைகளிலும் மரக்கறிப் பைகளோடு திரும்பியபோது எங்கள் தொடர்மாடியின் மின்தூக்கி பழுதாகியிருந்ததால், ஐந்தாம் மாடிவரை நில்லாமல் ஏறினேன். “தேங்காய் என்ன விலை, அண்ணா?” என்று கேட்ட தங்கைக்கு விடை சொல்ல வாயெடுத்தும் இரண்டு சொற்களுக்குமேல் வரவில்லை. சில சொற்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க நிற்க வேண்டியிருந்தால் அது கடும் இயக்கம் என்பதே மருத்துவர்கள் கையாளும் பேச்சுச் சோதனை. “ஒரே மூச்சில ஏறி வந்தனீங்களோ?” என்றாள் அவள். நாம் தேடிய சொல் அங்கேயே இருந்தது.

எனவே ‘ஒருமூச்சுழைப்பு’ என்பதை முன்மொழிகிறேன். குறுகிய நேரம், இடைவிடாமை, கடுமை ஆகிய மூன்றும் அதில் அடங்குகின்றன. ‘உழைப்பு’ என்பதால் பை சுமப்பதும் பேருந்தைப் பிடிக்க ஓடுவதும் இயல்பாகப் பொருந்துகின்றன. உடலியக்கம் குறைந்தது பத்து நிமிடங்கள் தொடர வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டலில் விட்டுவிட்டது.

‘மூச்சிரைப்பு’ என்பதை அடியாகக் கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நோயாளர் மருத்துவரிடம் முறையிடும் அறிகுறியின் பெயராதலால் விலக்கவே விரும்புகிறேன். என் சொல்லிலும் ஓர் இடர் உண்டு: மூச்சை அடக்கிக்கொண்டு செய்வது என்று யாரேனும் பொருள்கொள்ளக்கூடும், பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கினால் குருதியழுத்தம் சட்டென ஏறும். ஆகையால் வரைவிலக்கணத்தின் முதல் வரியிலேயே ‘மூச்சை அடக்காமல், நில்லாமல்’ என்று சேர்க்க வேண்டும். நெஞ்சுவலியோ இதய நோயோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது இரண்டாம் வரியாகட்டும். மூன்றாம் வரிக்கான எடுத்துக்காட்டுகளை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.