புளியங்கொட்டையில் நின்றுபோன பாடம்: ஒரு படம் வேண்டும்

வணக்கம் உறவுகளே. புதுக்குடியிருப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். நிர்ப்பீடனத்தில் (உடல் நோயை எதிர்க்கும் விதம்) ஓரிடத்தில் உதவி வேண்டும்.

ரி கலம் (நோய்க்கிருமியை இனங்காணும் ஒரு வகை வெண்குருதிக் கலம்) முழு வைரசைப் பார்ப்பதில்லை, நறுக்கிய புரதத் துண்டைத்தான் பார்க்கும். இதைக் காட்டக் களிமண்ணில் பள்ளம் செய்து புளியங்கொட்டைகளை வரிசையாக அழுத்தினோம். ஒரு கொட்டை, ஓர் அமினோ அமிலம். துண்டைத் தன் பள்ளத்தில் ஏந்திக் கலத்தின் மேற்பரப்பில் காட்டும் புரதம்தான் எம்.எச்.சி. முதலாம் வகை எம்.எச்.சி.யின் பள்ளத்துக்கு முனைகள் மூடி, 8 முதல் 10 கொட்டைதான் கொள்ளும். இரண்டாம் வகைக்கு முனைகள் திறப்பு, கொட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கலத்துக்குள் உருவான புரதம் முதலாம் வகையில் ஏறி சீடி8 கலத்துக்கும் (தொற்றிய கலத்தைக் கொல்லும் ரி கலம்), வெளியிலிருந்து விழுங்கியது இரண்டாம் வகையில் சீடி4 கலத்துக்கும் (மற்றக் கலங்களுக்கு உதவும் ரி கலம்) காட்டப்படும் என்பதுவரை சரி.

துண்டுகளைக் காட்டி ரி கலத்தை முதலில் எழுப்புவது கிளைக்கலம் என்றும் சொல்லியிருந்தேன். அப்புறம் ஒரு பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், வைரஸ் ஈரல் கலத்தில மட்டும் பெருகினா, கிளைக்கலத்துக்குள்ள அது இல்லையே. பிறகு சீடி8 கலத்தை முதல்ல ஆர் எழுப்புறது?”

அருமையான கேள்வி. கிளைக்கலம் தான் விழுங்கியதையும் முதலாம் வகையில் ஏற்ற வல்லது என்றேன். விழுங்கிய புரதம் அதை அடைத்த பையிலிருந்து குழியவுருவுக்குக் கசிந்து புரோட்டியசோமில் (கலத்துக்குள் புரதத்தை நறுக்கும் அமைப்பு) நறுக்கப்படுவது ஒரு வழி, பைக்குள்ளேயே நறுக்கப்படுவது இன்னொன்று. ஆனால் இரண்டையும் ஒரே படத்தில் கீற எனக்கு வரவில்லை.

தமிழில் பெயரிட்ட படம் யாரிடமாவது இருக்கிறதா? புரொஜெக்டர் இல்லை, ஏ3 தாளில் அடிக்கக்கூடியதாக இருந்தால் போதும். விடுமுறையில் ஊருக்கு வரும் மருத்துவபீடத் தம்பி தங்கைகள் ஒரு சனிக்கிழமை வந்து விளக்கினால் இன்னும் நல்லது. உட்பெட்டியில் எழுதுங்கள்.